நீரைச் சுரண்டுதல்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
அவளே வரைந்த சதுப்பு.
முழங்கால் ஆழத் தண்ணீர், அல்லி இலைகள்,
நடுவில் கீழ்த்தாடையை மண்வெட்டியாய் நீட்டிச்
சேற்றை வாரும் பிளாட்டிபெலோடன்.
மூக்கென்று மேலே ஒரு தட்டைச் சதை,
வாத்தின் அலகுக்கு மூடி போட்டதுபோல்.

இன்று துவோ யிங்ஹுவா
ஏணி, சுரண்டி, மூன்று வாளி வெள்ளையோடு
அதே சுவரின் முன் நிற்கிறாள்.

லான்ஜோவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
கீழ்த்தந்தங்களின் முனையில் தேய்மானம்;
வாரிய தேய்மானம் இல்லை, அரிந்த தேய்மானம்.
அரிவாள்போலக் குறுக்காக,
தினம்தினம், ஆயுள் முழுக்க.
அரிவதற்குப் புல்லை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே.
ஆகவே நீளமான துதிக்கை.
ஆகவே புல்வெளி.
ஆகவே தண்ணீர் இல்லை.

"அல்லியை மட்டுமாவது விட்டுவையேன்" என்கிறார்
டிக்கெட் கிழிக்கும் மின் தெகுவாங்.
"பிள்ளைகள் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
லின்ஷியாவில் வேறெங்கே
இவ்வளவு தண்ணீரைப் பார்ப்பார்கள்?"
ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் மண் மலை.
படிப்படியாய் வெட்டிய சோளக் கொல்லைகள்.
ஏப்ரல் முடிந்தும் ஒரு பொட்டு மேகமில்லை.

அவள் அல்லியிலிருந்தே தொடங்குகிறாள்.

தரையில் விரித்த செய்தித்தாளில்
குளம் பொடியாய் உதிர்ந்து கிடக்கிறது.
பொடியைக் கண்டதும் அப்பா.

அப்பாவுக்கு உறக்கம் வராத வருஷங்கள் அவை.
மருந்துக் கடையில் தராசில் நிறுத்துத் தருவார்கள்,
டிராகன் எலும்பு என்று.
இடித்து முதலில் அதை மட்டும் கொதிக்கவிட வேண்டும்,
பிறகுதான் வேர்கள்.
சட்டியடியில் தங்கும் சாம்பல் வண்டலைத்
துலக்குவது அவள் வேலை.
ஒருநாள் இடிபடாத ஒரு சில்லு, துளைத்துளையாய்.
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
நாக்கைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

அப்பா சில இரவுகள் உறங்கினார்.
எத்தனை மிருகத்தைக் குடித்தாரோ,
யார் கணக்கு வைத்தார்கள்?

யானைக்குக் கைம்மா என்று பேரிட்ட மொழியில்
இதை எழுதுகிறேன்: கையுள்ள விலங்கு.
கைக்கு எலும்பு கிடையாது.
மண் தாடையை வைத்திருந்தது, பல்லை வைத்திருந்தது,
கன்றின் பால்பல்லைக்கூட வைத்திருந்தது.
கையை மட்டும் தின்றுவிட்டது.
மிச்சம், மண்டையோட்டில் ஒரு பள்ளம்,
தசை பற்றியிருந்த சொரசொரப்பு,
நரம்பு போன ஒரு துளை.
அந்தத் துளையில் அவள் பெருவிரல் நுழையும்.
அதற்குப் பிறகு எல்லாம் அவள் பொறுப்பு.

போன மாதம் மிருகக்காட்சிசாலையில்
இரண்டு நாள் உட்கார்ந்து
இன்றைய யானையொன்றை வரைந்தாள்.
கம்பிக்கு இடையில் நீண்டு வந்த துதிக்கை
பென்சிலை வாங்கியது, முகர்ந்தது,
தின்றுவிட்டது.
பேனாவால் முடித்த அந்தப் படம்தான் இப்போது
ஏணியில் ஒட்டியிருக்கிறது.

தோள் வந்தது. தடித்த கழுத்து வந்தது.
நெற்றியிலிருந்து கை கீழே இறங்கி,
முழங்கால் தாண்டி, ஒரு கற்றையைச் சுற்றி வளைத்தது.
நுனியில் நின்றுவிட்டாள்.
விரல் ஒன்றா, இரண்டா?
கடிதத்தில் இல்லை. லான்ஜோவுக்குத் தெரியாது.
எவருக்கும் தெரியாது.
தூரிகையைக் கழுவினாள். தேநீர் ஆறிப்போயிருந்தது.
குடித்தாள்.
பிறகு உயரமான புல்லாக வரைந்தாள்,
தாளுக்குத் தாள், பொறுமையாக,
நுனி முழுக்க மறையும்வரை.

விளக்கணைக்க வந்த மின் தெகுவாங்
வெகுநேரம் பார்த்தார். புல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"இது தண்ணீர் குடிக்க எங்கே போகும்?" என்றார்.

அவள் தூரிகையால் காட்டினாள்:
சுவர் முடிகிற இடத்துக்கும் அப்பால்,
தீயணைப்பு வாளி தொங்குகிற பக்கம்.
"அங்கே."

அவரும் திரும்பிப் பார்த்தார்.